நாய்க்குக் குழந்தையைப் பிடிக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

நாயின் முதுகில் தலைவைத்துக் குழந்தை தூங்கும் வீடியோக்களை இனி எனக்கு அனுப்பாதீர்கள், புண்ணியமாகப் போகும். மகள் பிறந்ததிலிருந்து வாட்ஸ்அப்பில் அவைதான் வந்து குவிகின்றன. "எவ்வளவு பாசம் பாருங்க" என்று கீழே ஒரு வரி வேறு. நான் பார்ப்பது நாயின் முகத்தை. கண்ணோரம் வெள்ளை விழி பிறைபோலத் தெரியும். உடம்பு விறைத்திருக்கும். நாக்கு அடிக்கடி மூக்கைத் தொட்டுவிட்டு உள்ளே போகும். தலை அந்தப் பக்கம் திரும்பியிருக்கும். "போதும், விடு" என்று நாய் தனக்குத் தெரிந்த விதத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறது. எடுப்பவர் சிரிக்கிறார்.

எங்கள் வீட்டு மிளகு ஒரு சிங்கப்பூர் ஸ்பெஷல், அதாவது உள்ளூர்க் கலப்பினம். வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டில் இப்படிப்பட்ட நாயை வளர்க்க வழிசெய்த அடோர் திட்டம் 2012இல் தொடங்கியது. அதன்வழியாகத்தான் மிளகும் செங்காங்கில் எங்கள் நான்கறை வீட்டுக்கு வந்தான். நான் கர்ப்பமானதும் ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். எல்லாமே, நாய்க்குக் குழந்தைமேல் எப்படிப் பாசம் வரவைப்பது என்பதைப் பற்றியதுதான். என் கருத்து வேறு. பாசம் வந்தால் சந்தோஷம், வராவிட்டாலும் குடி முழுகிப்போகாது. ஹாலில் ஓடிக்கொண்டிருக்கும் டிவியை நாய் எப்படிப் பார்க்கிறதோ அப்படிக் குழந்தையையும் பார்த்தால் போதும். சத்தம் வருகிறது, நமக்கென்ன என்று படுத்திருக்க வேண்டும். அந்த அலட்சியத்தைத்தான் நாம் பழக்க வேண்டும்.

அதற்கு முதல் வேலை, நாயின் வாழ்க்கையில் வரப்போகும் மாற்றங்களைக் குழந்தைக்கு முன்பே கொண்டுவந்துவிடுவது. இதை வளைகாப்புவரை தள்ளிப்போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தாமதம். காலை நடைக்கு யார் கூட்டிப்போவது, எத்தனை மணிக்கு, எந்த அறைக்குள் இனி அனுமதியில்லை, யார் கட்டிலில் யார் படுப்பது, எல்லாமே பல மாதம் முன்னால் மாற வேண்டும். குழந்தை வந்த அதே வாரத்தில் கட்டிலிலிருந்தும் இறக்கி, நடையையும் நிறுத்தி, அறைக்கதவையும் சாத்தினால் நாய் என்ன கணக்குப் போடும்? இந்தப் பொட்டலம் வந்தது, என் பிழைப்பு போனது. மிளகின் காலை நடையை என் கணவர் என் ஐந்தாம் மாதத்திலேயே எடுத்துக்கொண்டார். படுக்கையறை வாசலில் தடுப்புக் கதவையும் அப்போதே மாட்டிவிட்டோம். சில வாரம் முனகினான், அப்புறம் அதன் முன்னாலேயே படுக்கப் பழகிக்கொண்டான். மகள் வந்தபோது அந்தக் கதவு அவனுக்குப் பழைய விஷயம்.

காலித் தள்ளுவண்டியோடு நடக்கப் பழக்கியதைச் சொல்லியே ஆகவேண்டும். வயிறும் கையுமாக நான், பக்கத்தில் நாய், முன்னால் ஆளில்லாத வண்டி. புளோக்குக்குக் கீழே தினமும் உட்காரும் சீனப் பாட்டிகள் ஒவ்வொரு நாளும் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு பாட்டி பரிதாபமாக என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். ஆனால் சக்கரத்துக்குக் குறுக்கே போகாமல் இருப்பது, லிஃப்டுக்குள் வண்டி ஏறியபிறகு ஏறுவது எல்லாம் பதற்றமில்லாமல் கற்றுக்கொள்ள அந்த நேரம்தான் கிடைக்கும். வண்டிக்குள் பிள்ளை அழும்போது பாடம் நடத்த முடியாது.

மருத்துவமனையிலிருந்து குழந்தையின் துணியை முன்கூட்டியே வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். செய்யலாம், நாங்களும் செய்தோம். மூக்கில் கொண்டுபோய்த் திணிக்காமல் தூரத்தில் வைத்து அதுவாக வந்து முகர விட வேண்டும். ஆனால் இதைப் பெரிய சூட்சுமம்போலப் பேசுவதற்குக் காரணம், செய்ய எளிது என்பதுதான். ஒரு துணி ஐந்து மாத வேலையைச் செய்துவிடாது. பொம்மையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு திரிவதும் அப்படியே. நாயின் மூக்கு பிளாஸ்டிக்கைப் பார்த்து ஏமாறாது. அந்தப் பயிற்சியால் பலன் நமக்குத்தான்: கையில் எதையோ ஏந்திக்கொண்டு, குனியாமல், நாயைத் தாண்டி நடக்கப் பழகுகிறோம்.

நம் வீடுகளுக்கென்று சில சங்கதிகள் உண்டு, ஆங்கிலத்தில் வரும் அறிவுரைகளில் அவை இருப்பதில்லை. முதலாவது தூளி. ஸ்பிரிங் மாட்டிய தொட்டிலில் சேலையோ சாரோங்கோ தொங்கும், அது நாயின் கண்மட்டத்தில் மேலும் கீழும் ஆடும், உள்ளிருந்து சின்னச் சத்தம் வரும். அசைவதைத் துரத்தும் குணமுள்ள நாய்க்கு இதைவிடப் பெரிய தூண்டில் கிடையாது. நாங்கள் அரிசி மூட்டையைப் போட்டு வெறும் தூளியை ஆட்டினோம். முதல் தடவை மிளகின் காதுகள் விறைத்தன, முன்கால் ஒன்று தரையிலிருந்து எழுந்து அப்படியே நின்றது. தூரத்தில் நிறுத்தி, அவன் பார்வையை விலக்கும் ஒவ்வொரு முறையும் வேகவைத்த கோழித்துண்டு ஒன்று. நாளாக நாளாகத் தூளி ஆட ஆரம்பித்ததும் தூளியைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தான். அழுகைச் சத்தத்தையும் இதே முறையில், கைப்பேசியில் மிகக் குறைந்த ஒலியில் தொடங்கிப் பழக்கினோம். சாம்பிராணிப் புகைக்கு மட்டும் அவன் மசியவில்லை. தும்மிக்கொண்டு எழுந்து போய்விடுவான். போகட்டும்.

இரண்டாவது பத்தியச் சமையல். பிள்ளை பெற்ற வீட்டில் பூண்டு உரித்து மாளாது. பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும், திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். மிச்சமான பூண்டுக் குழம்புச் சோற்றை "பாவம், அதுவும் சாப்பிடட்டும்" என்று வைக்கும் கைகள் நம் வீடுகளில் நிறைய. டயப்பர் புண்ணுக்குப் போடும் துத்தநாகக் களிம்பும் நாய்க்கு ஆகாது. அழுக்கு டயப்பரோ நாய்களுக்கு விருந்து, விழுங்கினால் உள்ளே உப்பிக் குடலை அடைக்கும். மூடியுள்ள குப்பைத்தொட்டிக்குச் செலவழிக்கும் வெள்ளி வீணாகாது.

தஞ்சாவூரிலிருந்து வந்த என் மாமியாருக்கு நாய் என்றாலே பயம். அதைப் பலர் மூடநம்பிக்கை என்று கேலி செய்தார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. வெறிநாய் கடித்து உயிர் போன கதைகளோடு வளர்ந்தவர் அவர், அங்கே அந்தப் பயம் நியாயமானது. சிங்கப்பூரில் 1953க்குப் பிறகு வெறிநாய்க்கடி நோய் இல்லை என்று பொறுமையாகச் சொன்னோம். மிளகின் தடுப்பூசி அட்டையைக் காட்டினோம். நாய் முகத்தை நக்கக்கூடாது, பூச்சி மருந்து நாள் தவறக்கூடாது என்று அவர் போட்ட இரண்டு சட்டங்களையும் அப்படியே ஏற்றுக்கொண்டோம். இரண்டுமே கால்நடை மருத்துவரும் சொன்னவைதான். முடி உதிர்ந்து ஆஸ்துமா வரும் என்று இன்னொரு உறவினர் அடித்துச் சொன்னார். ஸ்வீடனில் லட்சக்கணக்கான குழந்தைகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வயதில் நாயோடு வளர்ந்தவர்களுக்கு ஆறு வயதில் ஆஸ்துமா இருக்கும் வாய்ப்பு சுமார் 13% குறைவாகவே தெரிந்தது. இதற்காக யாரும் நாய் வாங்க வேண்டாம். இருக்கும் நாயை விரட்ட இது காரணமில்லை என்கிறேன், அவ்வளவே.

விரட்டுவது என்றதும் ஞாபகம் வருகிறது. "யாருக்காவது கொடுத்துடுங்களேன்" என்று இனிப்புப் பெட்டியை நீட்டிக்கொண்டே சொல்கிறார்கள், ஏதோ பழைய சோஃபாவைப் போல. இங்கே நாயைக் கைவிடுவது குற்றம், 10,000 வெள்ளிவரை அபராதமோ 12 மாதம்வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கும். முறைப்படி வேறு வீடு தேடிக் கொடுப்பது குற்றமல்ல, சில வீடுகளில் அதுதான் சரியான முடிவும்கூட. ஏற்கெனவே பிள்ளைகளைக் கடித்த நாயை வைத்துக்கொண்டு பிடிவாதம் பிடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எதையும் முயன்று பார்க்காமல், எட்டாம் மாதத்தில் பதறிக்கொண்டு, எட்டு வயது நாய்க்குப் புது வீடு தேடுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்த நாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நான் வெறுங்கையோடு முதலில் உள்ளே போய் மிளகைக் கொஞ்சினேன், கணவர் குழந்தையோடு பின்னால் வந்தார். வார் மாட்டியிருந்தது, யாரும் கத்தவில்லை, யாரும் படம் எடுக்கவில்லை. பெயர் சூட்டிய அன்று மட்டும் அவனை நண்பர் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். ஐம்பது பேர் நுழையும் வீட்டில் நாயின் பொறுமையைச் சோதித்துப் பார்க்க வேண்டிய அவசியம் என்ன?

நாயையும் குழந்தையையும் தனியாக ஒரே இடத்தில் விட்டுவிட்டு ஒரு நிமிடம்கூட நகர்வதில்லை, கழிவறைக்குப் போனாலும் இருவரில் ஒருவர் என்னோடு வர வேண்டும். உறுமினால் அதட்டுவதும் இல்லை. உறுமியதற்கு அடி வாங்கிய நாய் அடுத்த முறை உறுமாமல் நேரே கடிக்கக் கற்றுக்கொள்ளும். உறுமினால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விலகுவோம், எதனால் என்று பிறகு யோசிப்போம்.

இப்போது மகள் தவழ்கிறாள், ஆட்டமே மாறிவிட்டது. இதுவரை ஓரிடத்தில் கிடந்த பொருள் திடீரென்று வாலை நோக்கி வருகிறது. ஆகவே மிளகின் மெத்தை ஹாலிலிருந்து தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டது, அங்கே அவளுக்கு அனுமதி கிடையாது. சாப்பாட்டுக் கிண்ணமும் அங்கேதான். "பிள்ளையைத் தடுப்பு போட்டு நிறுத்துறீங்களே" என்று மாமியார் குறைப்பட்டார். அவனுக்கும் ஒரு இடம் வேண்டாமா அத்தை, என்றேன். "அதுவும் சரிதான்" என்றவர் இப்போது அவள் அந்தப் பக்கம் தவழ்ந்தால் எனக்கு முன்னால் ஓடிப்போய்த் தூக்குகிறார்.