யார் கொடுத்த அங்கீகாரம்?

அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்கு மாணவர் சேர்க்க முகவர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை கோவையில் நடத்திய கூட்டத்தில் நடந்ததை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். "பிள்ளைகளின் கனவில் மண்ணைப் போடுகிறாய்" என்று மூன்று நாட்களாக வரும் வசவுகளைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நான் கேட்டது ஒரே கேள்வி: அந்தக் கல்லூரிக்குத் தரச்சான்று கொடுத்த அமைப்பு எது? "அமெரிக்க அரசே அங்கீகரித்தது" என்றார் முகவர். மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

அமெரிக்க மத்திய அரசு எந்தக் கல்லூரிக்கும் தரச்சான்று கொடுப்பதில்லை. கொடுப்பவை தனி அமைப்புகள். அந்த அமைப்புகளைத்தான் அங்குள்ள கல்வித் துறை அங்கீகரிக்கிறது. 1885-இல் நியூ இங்கிலாந்தில் பள்ளிகளும் கல்லூரிகளும் கூடித் தொடங்கிய சங்கம்போல வட்டாரத்துக்கு ஒன்றாக வளர்ந்த ஏற்பாடு இது. கல்லூரி தன்னைத் தானே ஆராய்ந்து அறிக்கை எழுத வேண்டும். பிற கல்லூரிகளின் பேராசிரியர்கள் நேரில் வந்து துருவுவார்கள். மாணவர் விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவத்தைக் கொடுக்கக் கல்லூரிக்குக் கிடைக்கும் அனுமதி வேறு. அது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை தருவது. அதைக் காட்டி "அரசு அங்கீகாரம்" என்பது பொய்.

என் அக்கா மகன் சேர்ந்த கல்லூரிக்கு இருந்தது "தேசிய" தரச்சான்று. பெரும்பாலும் தொழிற்கல்வி தரும் கல்லூரிகள் வாங்குவது அது. நம் ஊரில் தேசியம் என்றால் வட்டாரத்தைவிடப் பெரியது. அங்கே வட்டாரச் சான்றுக்குத்தான் மதிப்பு அதிகம் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இரண்டு ஆண்டு படித்துவிட்டு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாற விண்ணப்பித்தான். வந்த கடிதத்தைக் கைபேசியில் காட்டினான். பதினெட்டுப் பாடங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே, படித்ததற்குத் தரும் கிரெடிட் 0.00. அக்கா அந்தப் பூஜ்யங்களை விரலால் தொட்டு எண்ணினார்.

"2020 ஜூலையிலேயே வட்டாரம், தேசியம் என்ற பிரிவினையைக் கல்வித் துறை எடுத்துவிட்டது, பழைய கதை பேசாதே" என்கிறார் ஒருவர். எடுத்தது உண்மை. ஆனால் கிரெடிட்டை ஏற்பதும் மறுப்பதும் சேர்த்துக்கொள்ளும் கல்லூரியின் முடிவு. விதி மாறினாலும் அந்தக் கடிதம் மாறவில்லை. "தொழிற்கல்வி தரும் கல்லூரிகளை இழிவுபடுத்துகிறாய்" என்கிறார் இன்னொருவர். இல்லை. தொழில் கற்கப் போகிறவனிடம் அதைச் சொல்லிச் சேருங்கள், போதும்.

என்னை உண்மையில் புண்படுத்தியது "விசாரிக்காமல் போனது பிள்ளைகளின் தவறு" என்ற வார்த்தை. 2011-இல் கலிபோர்னியாவின் டிரை-வேலி பல்கலைக்கழகத்தில் விசா மோசடிச் சோதனை நடந்தபோது நம் மாணவர்கள் சிலரின் காலில் கண்காணிப்புக் கருவியை மாட்டினார்கள். அந்தப் பல்கலைக்கழகம் ஐ-20 கொடுத்துக்கொண்டிருந்த இடம்தான். மிச்சிகனின் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகத்தை விசா மோசடியைப் பிடிக்கும் பொறியாக அமெரிக்க அதிகாரிகளே போலியாக நடத்தினார்கள். விசாரித்தவனுக்கு என்ன கிடைத்திருக்கும்? ஒரு தேசியத் தரச்சான்று அமைப்பின் பட்டியலிலேயே அந்தப் பெயரைச் சேர்த்து வைத்திருந்தார்கள்! 2019-இல் கைதானவர்களில் ஏறக்குறைய அனைவரும் இந்தியர்கள். வகுப்பு நடக்காது என்று தெரிந்தே சேர்ந்தார்கள் என்கிறீர்கள். சிலருக்குத் தெரிந்திருக்கலாம். எல்லோரையும் ஏன் திருடர்கள் என்கிறீர்கள்? இருபத்திரண்டு வயதுப் பிள்ளையைத் திட்ட வரும் வாய், கமிஷன் வாங்கியவரிடம் ஏன் திறக்கவில்லை?

எந்த அமைப்பு என்ற அதே கேள்வியை ஞாயிறு இரவே முகவருக்கு எழுதி அனுப்பினேன். இதுவரை பெயர் வரவில்லை. முன்பணம் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்ற செய்தி மட்டும் வந்திருக்கிறது.