காடர் இட்ரிஸ்: ஏரி எரிமலை வாய் அன்று

வேல்ஸில் உள்ள 893 மீட்டர் உயரக் காடர் இட்ரிஸ் மலையில், செங்குத்துப் பாறைகள் சூழக் கிடக்கும் லின் காய் ஏரி, அணைந்துபோன ஓர் எரிமலையின் வாய் என்று பரவிவரும் கூற்று தவறானது. அம்மலையின் பாறைகளில் பல, சுமார் 45 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஆர்டோவிசியன் காலத்து எரிமலைக் குழம்பும் சாம்பலும் இறுகி உருவானவை என்பதால் இந்தக் குழப்பம் வியப்புக்குரியதன்று. ஆனால் ஏரி தங்கியுள்ள கிண்ணம் போன்ற பள்ளத்தை, எரிமலைகள் அடங்கிக் கோடிக்கணக்கான ஆண்டுகள் கழிந்தபின், பனியுகத்துப் பனியாறே குடைந்தெடுத்தது. பள்ளம் கிழக்கில் மட்டும் திறந்திருப்பது, பனி நகர்ந்து வெளியேறிய திசையைக் காட்டுகிறது.

ஏரியை நேரில் காண விரும்புவோர் மின்ஃபோர்த் பாதையில் ஏறலாம். ஓக் மரக் காட்டினூடே செல்லும் தொடக்கப் படிகளே மூச்சு வாங்க வைக்கும்.