மேட்ச் பேரன்ட் என்று எழுதினால் யார் கேட்கிறார்கள்?

ஆண்ட்ராய்டு ஆப்பில் ஒரு டயலாக், அதாவது திரைமேல் எழும் சின்னப் பெட்டி. உள்ளே இரண்டு வரி, ஒரு பட்டன். அவ்வளவுதான். இதைத் திரையின் முழு அகலத்துக்கு விரிக்க நேற்று ராத்திரி ஒன்றரை மணி வரை மல்லுக்கட்டினேன்.

திரை வடிவத்தை எழுதும் எக்ஸ்எம்எல் கோப்பில் அகலம் மேட்ச் பேரன்ட், அதாவது 'இருக்கும் இடம் முழுக்க விரி' என்று தெளிவாகப் போட்டிருக்கிறேன். ஆப் எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் பிரிவ்யூவில் ஜம்மென்று விரிந்து நிற்கிறது. போனில் ரன் பண்ணினால், நனைந்த பூனைக்குட்டி மாதிரி நடுவில் ஒடுங்கிக் கிடக்கிறது!

சரி, கோடிலேயே சொல்வோம் என்று டயலாக்கைத் தாங்கும் விண்டோவுக்கு அளவு சொல்லும் செட்லேஅவுட்டை, உள்ளடக்கத்தை உருவாக்கும் கட்டமான ஆன்கிரியேட்வியூவில் போட்டேன். அசையவில்லை. எரர் இல்லை, லாக்கில் ஒரு முணுமுணுப்புகூட இல்லை. அதே வரியை வெட்டி, டயலாக் திரைக்கு வரும் கட்டமான ஆன்ஸ்டார்ட்டில் ஒட்டினால் வேலை செய்கிறது. ஏனாம்? டயலாக் விண்டோ மிதக்கும் ரகமாம். உள்ளடக்கத்தை ஏற்றும்போது அதுவாகவே தன்னை ராப் கன்டென்ட்டுக்கு, அதாவது 'உள்ளே இருப்பதன் அளவுக்கு ஒடுங்கு' என்பதற்கு, மாற்றிக்கொள்ளுமாம். அதற்கு முன்னால் நாம் சொன்னதெல்லாம் போச்சு. லேஅவுட் வரம் கொடுத்தாலும் பூசாரி விண்டோ கொடுக்க மாட்டேன் என்கிறது. மாற்றட்டும், அதை வாயைத் திறந்து ஒரு வார்னிங்காகச் சொன்னால் என்ன குறைந்துபோகும்?

இடையில் ஒரு கூத்து. அகலத்துக்கு 300 என்று கொடுத்துப் பார்த்தேன். அது டிபி (திரையின் அடர்த்திக்கேற்ப மாறும் அளவு) இல்லை, பிக்சல். என் போனில் ஒரு டிபிக்கு மூன்று பிக்சல், ஆக வெறும் 100 டிபி. 'சமர்ப்பி' ஒரு வரியிலும் 'க்கவும்' அடுத்த வரியிலுமாகப் பட்டன் பிளந்து நின்றது. தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் எக்ஸ்எம்எல்லில் டிபி, கோடில் பிக்சல் என்று வைத்தவரை நேரில் பார்த்தால் இரண்டு வார்த்தை கேட்பேன்.

ஒருவழியாக விரிந்தது என்று பார்த்தால் இரண்டு ஓரத்திலும் இடைவெளி. ஆப்பின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தீமில் இருக்கும் பின்னணிப் படமே சுற்றிலும் 16 டிபி உள்ளே தள்ளி வரைகிறது. பின்னணியை டிரான்ஸ்பரன்ட் ஆக்கினால் இடைவெளி போகிறது, கூடவே வெள்ளை நிறமும் வளைந்த மூலையும் போகிறது. அதை நாமே ஒரு டிராயபிளாக, அதாவது வடிவக் கோப்பாக, வரைய வேண்டும். டேப்லெட்டில் முழு அகலம் அசிங்கமாக இருக்கும் என்பதால் அங்கே தனியாக ஓர் உச்சவரம்பு.

'கம்போஸுக்கு மாறிடுங்க' என்பார்கள், அதாவது எக்ஸ்எம்எல் இல்லாமல் கோடிலேயே திரையை எழுதும் முறைக்கு. மாறினேனே, வேறொரு ஆப்பில். அங்கேயும் யூஸ்பிளாட்ஃபார்ம்டிஃபால்ட்விட்த் என்று மூச்சுமுட்டும் நீளத்தில் ஒன்று இருக்கிறது. அதை ஃபால்ஸ் ஆக்கினால்தான் நாம் சொல்லும் அகலத்தை மதிக்கும்.

காலையில் பில்டை டிசைனர் தம்பிக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "சூப்பர்ணா. ரெண்டு பக்கமும் ஒரு 16 டிபி கேப் மட்டும் விட்டுடலாமா?"