எடை குறைவதையும் கவனியுங்கள்

"முதுமையில் சற்றுப் பருமனாக இருந்தால் டிமென்ஷியா (மறதிநோய்) அண்டாது" என்று உடல் எடை பற்றிய ஒரு கட்டுரை முடிப்பது சரியல்ல. எந்த வயதில் எடுத்த எடை என்பதுதான் கேள்வியே. பிரிட்டன் அரசு ஊழியர்களை 28 ஆண்டுகள் தொடர்ந்த வைட்ஹால் ஆய்வில் (2018), 50 வயதில் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் எண்) 30-ஐத் தொட்டவர்களுக்கு டிமென்ஷியா ஆபத்து கூடியிருந்தது. 60, 70 வயதில் அந்தத் தொடர்பு தென்படவில்லை. டிமென்ஷியா வந்தவர்களின் பிஎம்ஐ, நோய் கண்டறியப்படுவதற்குச் சுமார் 8 ஆண்டுகள் முன்பிருந்தே மற்றவர்களைவிடக் குறைவாக இருந்திருக்கிறது. அதாவது பல பெரியவர்களிடம் மெலிவு என்பது நோயின் காரணமல்ல, முன்னறிகுறி. இதைத் தலைகீழாகப் படித்துவிட்டுப் பெரியவர்களைக் கொழுக்க வைக்கக் கிளம்பிவிடாதீர்கள்!

வீட்டில் செய்யக்கூடியது: மாதம் ஒருமுறை, ஒரே எடைக்கருவியில், காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். முயற்சி எதுவும் இல்லாமல் 6 முதல் 12 மாதங்களில் 5 சதவீதம் குறைந்தால், அதாவது 60 கிலோவில் 3 கிலோ போனால், மருத்துவரிடம் காட்டுங்கள். எல்லாம் டிமென்ஷியா ஆகிவிடாது: தைராய்டு, சர்க்கரை, மனச்சோர்வு, புற்றுநோய், பொருந்தாத பல்செட், விழுங்கச் சிரமம் என எதுவும் காரணமாகலாம். ஏற்கெனவே டிமென்ஷியாவுக்கு டோனபிசில் எடுப்பவர்களுக்கு அந்த மாத்திரையே பசியைக் குறைக்கலாம். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எடை மாறாமலே தசை கரைந்து கொழுப்பு ஏறுவதும் உண்டு. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடிகிறதா என்று பாருங்கள். கெண்டைக்கால் சுற்றளவு 31 செ.மீ.க்குக் கீழே போனாலும் கவனிக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு இல்லாத பெரியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. கூடவே தசைக்குப் பயிற்சியும் வேண்டும். புரதம் மட்டும் போதாது.