வீரவரன் வீட்டு நள்ளிரவு

சிறுவயதில் எனக்கு வேதாளக் கதைகளைவிடப் பிடித்தவை வேறெதுவும் கிடையாது. சுடுகாடு, முருங்கை மரம், பிணத்தைத் தோளில் போட்டு வாளேந்தி நடக்கும் விக்கிரமன் என்று, 2020இல் மறைந்த ஓவியர் சங்கர் அம்புலிமாமாவில் வரைந்த படத்தைப் பயந்துகொண்டே பார்த்துக்கொண்டிருப்பேன். பெரம்பூர் வீட்டு மொட்டை மாடியில் தாத்தா வாசிப்பார். வேதாளம் கேள்வி கேட்கும் இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, "பதில் தெரிஞ்சும் சொல்லலைன்னா தலை வெடிச்சிடும், சொல்லு" என்பார்.

சென்ற வாரம் பாரதி சாலை நடைபாதையில் (எங்கள் வீட்டில் இன்றும் அது பைகிராப்ட்ஸ் சாலைதான்) பழைய தொகுப்பு ஒன்று கிடைத்தது. இரவு வாசிக்க அமர்ந்தவன் வீரவரன் கதையைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டேன்.

அரசன் சூத்திரகன் மூன்று நாளில் இறந்துவிடுவான் என்றும், வீரவரன் தன் மகனைச் சண்டிகை தேவிக்குப் பலியிட்டால் பிழைப்பான் என்றும் பூமாதேவி அழுதபடி சொல்கிறாள். காவலனான வீரவரன் நள்ளிரவில் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்கிறான். அவள் மறுக்கவில்லை, உறங்கும் பையனை எழுப்பிச் சொல்லுங்கள் என்கிறாள். பையனும் மகிழ்ந்து சம்மதிக்கிறான்.

தினமும் காலையில் பள்ளிக்கு என் மகனை எழுப்புகிறவன் நான். கண்ணைத் திறக்காமலே என் கழுத்தைக் கட்டிக்கொள்வான். எங்கே போகிறோம், எதற்கு என்று அந்த நேரத்தில் ஒரு கேள்வியும் கேட்க மாட்டான். நடுநிசியில் எழுப்பப்பட்ட குழந்தை தந்தையிடம் சொல்லும் சரி என்பதைச் சம்மதம் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பையனின் தலை விழுந்ததும், யாரும் எதுவும் கேட்டிராத தங்கை அண்ணன் உடலைக் கட்டிக்கொண்டு நெஞ்சு வெடித்துச் சாகிறாள். தாய் தீயில் இறங்குகிறாள். வீரவரன் தன் தலையை வெட்டிக்கொள்கிறான். மறைந்திருந்து எல்லாவற்றையும் பார்த்த அரசன் தானும் சாகத் துணிந்த பிறகே தேவி அனைவரையும் உயிர்ப்பிக்கிறாள். இவர்களில் உயர்ந்தவர் யார் என்ற கேள்விக்கு விக்கிரமனின் பதில், அரசன். அரசனுக்காகச் சேவகன் உயிர் விடுவது கடமை. சேவகனுக்காக அரசன் உயிர் விடத் துணிவதே அரிது என்கிறான்.

சுருக்கி எழுதியவர் எதையேனும் விட்டுவிட்டாரோ என்று, 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் எழுதிய, வேதாளக் கதைகளும் அடங்கிய கதாசரித்சாகரத்தின் மொழிபெயர்ப்பையும் எடுத்துப் பார்த்தேன். அங்கும் இதே பதில்தான். அரசன் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தான் என்பதையும், ஒரு குரல் கொடுத்திருந்தால் பையனின் கழுத்தில் வாள் விழுந்திராது என்பதையும் விக்கிரமன் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அந்தச் சிறுமியைப் பற்றி அவன் பேசவே இல்லை.

இதற்காக இக்கதைகளைப் பிள்ளைகளிடமிருந்து ஒளித்துவைக்க மாட்டேன். என் மகனுக்கும் வாசித்துக் காட்டத்தான் போகிறேன். ஆனால் விக்கிரமனின் பதிலோடு முடிக்க மாட்டேன். கடைசிக் கதையில் மட்டும் விக்கிரமன் பதில் தெரியாமல் மௌனமாக நடக்கிறான். அந்த மௌனம் இந்தக் கதைக்கு அல்லவா உரியது? மொட்டை மாடியில் நான் "ராஜாதான் தாத்தா" என்று கத்தியது நினைவிருக்கிறது. சரியான பதில் என்று அவர் என் தலையைத் தடவிக்கொடுத்தார்.