படித்தால் 10, செய்தால் 90: அந்தக் கணக்கு யாருடையது?

மன்னார்குடி, கும்பகோணம் பக்கத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு முக்கோணப் படம் சுற்றுகிறது. படிப்பதில் 10 சதவீதம், கேட்பதில் 20, செய்வதில் 90 சதவீதம் மனத்தில் நிற்குமாம். ஆகவே வாசிப்பும் வாய்ப்பாடும் வீண் என்று கீழே ஒரு வரி.

இது தவறு. எட்கர் டேல் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1946இல் வெளியிட்ட கூம்புப் படம்தான் இதற்கு மூலம். அதில் ஒரு சதவீதம்கூடக் கிடையாது. எண்களைப் பிறகு யாரோ ஒட்டியிருக்கிறார்கள். எந்தப் பாடம், என்ன வயது, எத்தனை நாள் கழித்து என்று ஒன்றும் சொல்லாமல், எல்லாம் பூச்சியத்தில் முடியும் கணக்கைப் பார்த்தாலே சந்தேகம் வர வேண்டாமா? குறுவை மகசூல்கூட இவ்வளவு ஒழுங்காக வராது.

சரி, சோதித்தவர்கள் கண்டது என்ன? 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் கல்லூரி மாணவர்களுக்கு ஒரே பகுதியைக் கொடுத்தார்கள். சிலர் அதையே திரும்பப் படித்தார்கள்; சிலர் தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடத்தில் வைத்த தேர்வில் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில் எழுதிப் பார்த்தவர்கள்தான் மேல்.

செய்து பார்ப்பதும் வேண்டியதுதான். ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டி, 43 என்றால் நாலு கட்டு, மூன்று உதிரி என்று காட்டினால் இடமதிப்பு சட்டென்று பிடிபடும். அதற்காக வாய்ப்பாட்டை விட முடியாது. ஏழெட்டு ஐம்பத்தாறு என்று வாயில் வராத பிள்ளை, வகுத்தல் கணக்கில் பாதி வழியிலேயே நின்றுவிடும்.