கணக்கு சரி, வசூல் பண்ற விதந்தான் தப்பு

ஆரணி, செய்யாறு, வந்தவாசிப் பக்கம் படுகளம் (பாரதக் கூத்தின் முடிவில் நடக்கும் துரியோதனன் வதம்) பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது சட்டென்று பிடிபடும். திரௌபதி அம்மன் கோயிலுக்கு முன்னால் திடலில் துரியோதனன் மல்லாந்து கிடப்பான். மண்ணால் பிடித்த உடம்பு, பெரிய மீசை, உருட்டி எழுதிய கண். தொடைக்குள் சிவப்புக் கரைசல் சட்டி புதைத்திருக்கும். 18ஆம் போரில் பீமன் வேஷக்காரர் கதையால் அங்கே ஓங்கி அடித்ததும் சிவப்பு வழியும். அதைத் தொட்டுத்தான் திரௌபதி கூந்தல் முடிப்பாள். ஒன்றைக் கவனித்தீர்களா? அந்தத் திடலில் பீமனுக்கு மண்ணுருவம் கிடையாது. அர்ச்சுனனுக்கும் கிடையாது. ஊரே வரி போட்டு, மண் சுமந்து, பார்த்துப் பார்த்துச் செய்தது வில்லனைத்தான்.

"ஜோக்கரா, தானோஸா, யார் பெரிய வில்லன்?" என்று சூப்பர்ஹீரோ படங்களைப் பற்றி டைம்லைனில் வாரம் ஒரு சண்டை ஓடுகிறது. எவனுக்குப் பவர் அதிகம், எவன் எத்தனை பேரைக் கொன்றான் என்று பட்டியல் போடுகிறார்கள். அதெல்லாம் கிரிக்கெட் ஸ்கோர். வில்லனை எடைபோட நம்ம ஊர் வட்டிக்கடைப் பேச்சிலேயே ஒரு தராசு இருக்கிறது: கணக்கு சரியா இருக்கணும், வசூல் பண்ற விதம் தப்பா இருக்கணும்.

அதாவது, வில்லனுக்கு யாரோ நிஜமாகவே பாக்கி வைத்திருக்க வேண்டும். பார்க்கிறவன் ஒரு நொடியாவது "அவன் கேக்கறதுல இன்னாயா தப்பு?" என்று நினைக்கணும். அடுத்த நொடியே அவன் வசூலுக்கு இறங்குகிற விதத்தைப் பார்த்துப் பதறணும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் வேலைக்கு ஆகாது. பாக்கியே இல்லாவிட்டால் அவன் வெறும் கிராஃபிக்ஸ். வசூலும் நியாயமாகவே இருந்துவிட்டால் அவன் வில்லனே இல்லை, ஹீரோதான் இடைஞ்சல்.

'ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்' (2017) பட வில்லன் வல்ச்சரை எடுங்கள். படம் ஹீரோவில் தொடங்கவில்லை, இவனில் தொடங்குகிறது. நியூயார்க்கில் நடந்த சண்டையின் இடிபாடுகளை அள்ளுகிற குத்தகைக்காரன். இந்த வேலையை நம்பிப் புது லாரி வாங்கிவிட்டான், புது ஆட்களைச் சேர்த்துவிட்டான். திடீரென்று கோட்டு சூட்டு போட்டவர்கள் வந்து "இனி இது எங்க வேலை, கிளம்புங்க" என்கிறார்கள். சண்டை போட்டு ஊரை இடித்தவர்களில் ஒருவனான அயர்ன்மேன் டோனி ஸ்டார்க்குக்கே அள்ளுகிற வேலையிலும் பங்கு. குத்தகை எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் வேலூர் மாவட்டத்தில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அவர்களுக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை. பாக்கி பதிவாகிவிட்டது, சில நிமிடங்களில்.

அதே படத்தின் கார் காட்சியை எழுத்து பழகுகிறவர்கள் பத்து முறையாவது பார்க்கலாம். மகளையும் அவளோடு நடன விருந்துக்குப் போகிற பையனையும் (அவன்தான் ஸ்பைடர்மேன்) அப்பாவான வல்ச்சர் காரில் கொண்டுபோய் விடுகிறார். பின்சீட்டில் பையன் வியர்க்கிறான். மகள் விளையாட்டாக, "இவன் எப்பவும் பாதியில காணாமப் போயிடுவான்" என்கிறாள். அப்பா கண்ணாடியில் பின்னால் பார்க்கிறார். சிக்னலில் வண்டி நிற்கிறது. சிவப்பு பச்சையாக மாறி அந்தப் பச்சை வெளிச்சம் அவர் முகத்தில் விழுகிறது. வண்டி நகரவில்லை. அந்த இடத்தில்தான் அவருக்குப் பொறி தட்டுகிறது. சண்டையில்லை, இறக்கையில்லை, ஒரு சிக்னல் விளக்கு. பிறகு மகளை இறக்கிவிட்டு, துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு, மகள் உயிரைக் காப்பாற்றியதற்கு நன்றி சொல்கிறார். அதே மூச்சில் கொலைமிரட்டலும் விடுக்கிறார். வல்ச்சராக நடித்த மைக்கேல் கீட்டன் குரலை உயர்த்தவே இல்லை. அந்தச் சின்ன இடத்துக்குள் வில்லனையும் ஹீரோவையும் அடைத்து, ஹீரோவைக் கை ஓங்க முடியாதபடி செய்ததுதான் அந்தக் காட்சியின் வேலைப்பாடு.

இதே தராசில் நம்ம '2.0' (2018) பக்‌ஷிராஜனை வையுங்கள். பாக்கி? மலை போல இருக்கிறது. செல்போன் டவர்களால் சாகிற பறவைகளுக்காகப் படியேறி அலுத்த கிழவர், கடைசியில் செல்போன் டவரிலேயே தூக்கு மாட்டிக்கொள்கிறார். ஆனால் இந்தக் கணக்கைப் படம் காட்டுவதே பாதிக்கு மேல் ஓடிய பிறகு. அதுவரை அவர் செல்போன்களால் ஆன ஒரு பெரிய கழுகு, அவ்வளவுதான். கணக்கு தெரிந்ததும் தியேட்டரே அவர் பக்கம் சாய்கிறது. சாய்ந்த கூட்டத்தைத் திரும்ப இழுக்கப் படத்திடம் சரக்கு இல்லை. அதைவிடக் கொடுமை, கடைசியில் குட்டி ரோபோக்கள் புறாக்களைப் பணயம் வைத்து அவரை மடக்குகின்றன. பறவைக்காக உயிரை விட்டவரைப் பறவையை வைத்தே மிரட்டுவது யார் செய்கிற வேலை? அந்த நிமிடத்தில் வில்லன் யார் என்பதே மாறிவிட்டது. படம் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

தானோஸ் விவகாரம் வேறு. பாதி உயிர்களை அழித்தால் மிச்சம் இருப்பவர்களுக்கு எல்லாம் போதும் என்கிற அவன் கணக்கு தப்பு என்று ஐந்து நிமிடத்தில் நிரூபித்துவிடலாம். பூமியின் மக்கள்தொகை 1970ல் ஏறத்தாழ 370 கோடி, 2020ல் ஏறத்தாழ 780 கோடி. பாதியை அழித்தாலும் 50 வருஷத்தில் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். பிறகு ஏன் அவன் மனசில் நிற்கிறான்? சொந்தக் காசைப் போடுகிறான், அதனால்தான். தன் திட்டத்துக்கு வேண்டிய ஒரு கல்லுக்காக மகள் கமோராவையே மலையிலிருந்து தள்ளும்போது அழுகிறான். நாம் நம்புவது அவன் கொள்கையை அல்ல, அவன் கொடுக்கிற விலையை. 'இன்ஃபினிட்டி வார்' (2018) அவனைத்தான் நடுவில் வைத்து ஓடுகிறது. முடிவில் வேலை முடித்த குடியானவன் மாதிரி உட்கார்ந்து சூரியனைப் பார்ப்பவனும் அவன்தான். எழுதுகிறவர்கள் இதை ஒரு மாற்று வழியாக வைத்துக்கொள்ளலாம்: பாக்கி பலவீனமாக இருந்தால், வில்லன் கைக்காசைச் செலவழிக்கிற ஒரு காட்சி வேண்டும்.

ஜோக்கர் இந்தத் தராசுக்கே அடங்காதவன் என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. 'தி டார்க் நைட்' (2008) படத்தில் ஹீத் லெட்ஜர் செய்த ஜோக்கருக்குப் பாக்கி கிடையாது. வாயோரத் தழும்புக்கு இரண்டு இடத்தில் இரண்டு கதை சொல்கிறான், அதாவது கணக்குப் புத்தகமே போலி. அந்த வெற்றிடத்தை நிரப்புவது ஒரு முறை. எதிராளிக்கு எப்போதும் இரண்டு வழிதான் தருவான், இரண்டிலும் இழப்பு. காப்பாற்றுவது ஒருத்தியையா இன்னொருத்தனையா என்று கேட்டு, முகவரியையும் மாற்றிச் சொல்வான். படகு இரண்டு, ஒவ்வொன்றையும் வெடிக்க வைக்கும் பொத்தான் எதிர்ப்படகில். 2008க்குப் பிறகு இதைக் காப்பியடித்தவர்கள் சிரிப்பை எடுத்துக்கொண்டார்கள், முறையை விட்டுவிட்டார்கள். அதனால்தான் ஊர்ப்பட்ட வில்லன்கள் காரணமில்லாமல் தலையைச் சாய்த்து, நாக்கைச் சுழற்றிச் சிரிக்கிறார்கள். வேலூர்க் கோட்டை அகழிக்கரையில் ஷார்ட் ஃபிலிம் எடுக்கும் தம்பிகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். அதோடு, சித்திரை வெயிலில் வேலூரில் கறுப்புக் கோட்டு போட்டவனைப் பார்த்தால் பயம் வராது, பரிதாபம்தான் வரும்.

'தோர்: தி டார்க் வேர்ல்ட்' மாலகித், 'ஜஸ்டிஸ் லீக்' ஸ்டெப்பன்வுல்ஃப் வகையறாவைப் பற்றி ஒரு வரி போதும். பிரபஞ்சத்தை இருட்டாக்கணும், மூன்று பெட்டியைச் சேர்க்கணும். நமக்குத் தெரிந்த யார் அவனுக்குப் பாக்கி?

இப்போது நுழைவு. கூத்தில் துரியோதனன் நேரே நடந்து வந்துவிட மாட்டான். இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். திரைக்கு மேலே கிரீடத்தின் உச்சி மட்டும் தெரியும். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடம். விளக்கில் அது மின்னும்போதே பிள்ளைகள் எழுந்து உட்காருவார்கள். உள்ளிருந்து பாட்டு, திரைக்குக் கீழே சலங்கை. திரை விலகும்போது பாதி வேலையைக் கூட்டமே செய்துவிட்டிருக்கும். கோடிக்கணக்கில் செலவழிக்கிற படங்கள் பல இந்த வேட்டித்துணி வித்தையைக் கோட்டை விடுகின்றன. முதல் காட்சியிலேயே முழு உடம்பையும் வெளிச்சத்தில் நிறுத்தி, தன் திட்டத்தை அவன் வாயாலேயே ஒப்பிக்க வைத்துவிடுகிறார்கள்.

கூத்தின் கோமாளியான கட்டியங்காரனிடமும் கற்க இருக்கிறது. அவன் ராஜாவையே கிண்டலடிப்பான், நேற்று நடந்த ரேஷன் கடைச் சண்டையைக்கூட இழுப்பான். ஆனால் துரியோதனன் அடவு பிடித்து ஆடத் தொடங்கியதும் ஓரமாக ஒதுங்கிவிடுவான். எப்போது சிரிக்க வைக்கணும், எப்போது வாயை மூடணும் என்பது அவனுக்குத் தெரியும். சமீபகால சூப்பர்ஹீரோ படங்களின் பெரிய வியாதியே இதுதான். வில்லன் ஒருவனைக் கொன்று போட்ட பத்தாவது நொடியில் ஹீரோ ஜோக்கடிக்கிறான். ஹீரோவுக்கே பயமில்லை என்றால் 150 ரூபாய் டிக்கெட் வாங்கினவனுக்கு எதற்குப் பயம்?

நம் பக்கத்து மொழியில் இதை எல்லாம் சரியாகச் செய்த படம் மலையாள 'மின்னல் முரளி' (2021). ஒரே இரவில் இரண்டு பேர் மேல் மின்னல். ஒருவன் ஹீரோ, இன்னொருவன் டீக்கடையில் எடுபிடியாக இருக்கும் ஷிபு. ஊர் பைத்தியம் என்று ஒதுக்கியவன், ஒருத்திக்காக 28 வருஷம் காத்திருந்தவன். பாக்கி தவணை தவணையாக ஏறுகிறது. கடைசித் தவணையை ஊரே வைக்கிறது: அவன் காத்திருந்த உஷா தீயில் சாகிறாள். ஷிபுவாக நடித்த குரு சோமசுந்தரம் அந்த உடம்பில் கூச்சம், ஆசை, வெறி மூன்றையும் வசனமில்லாமல் கொண்டுவருகிறார். அவர் சென்னை நாடகக் குழுவான கூத்துப்பட்டறையில் பல வருஷம் பயின்றவர். 1977ல் ந. முத்துசாமி தொடங்கிய அந்தப் பட்டறை உடம்பு மொழிக்காகத் தேடிப்போனது செய்யாறு பக்கத்துப் புரிசைத் தெருக்கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானை. பழைய வடஆற்காட்டு மண். நமக்குக் கொஞ்சம் உரிமை கொண்டாடத் தோன்றுகிறது, தப்பில்லை.

கடைசியாகச் சாவு. வில்லன் செத்தபின் அந்தப் பாக்கி என்ன ஆகிறது என்று பெரும்பாலான படங்கள் கேட்பதே இல்லை. 'பிளாக் பேந்தர்' (2018) கேட்கிறது. வில்லன் கில்மாங்கர் சாகிறான், ஆனால் அவன் அப்பா கொல்லப்பட்ட ஓக்லண்ட் கட்டடத்துக்கே ஹீரோவான ராஜா போய், அதை வாங்கி, அங்கே உதவி மையம் திறப்பேன் என்கிறான். வசூலுக்கு வந்தவனைத் தடுத்தான், கடனை ஒப்புக்கொண்டான். வல்ச்சர் கதையில் தலைகீழ்: சிறையில் இருப்பவனிடம் ஸ்பைடர்மேன் யார் என்று இன்னொரு கைதி கேட்கிறான். தெரிந்தும் சொல்ல மறுக்கிறான். மகளைக் காப்பாற்றியதற்குக் கழித்துக்கொண்டான் போல.

படுகளத்தில் பீமன் அடித்து, திரௌபதி கூந்தல் முடித்த பிறகும் கூட்டம் கலையாது. துரியோதனன் பெண்டாட்டி பெருந்திருவாள் வேஷம் முறமும் துடைப்பமுமாக ஓடிவரும். செத்துக் கிடக்கிற மண் உடம்பை அடித்து, மாரடித்து, ஒப்பாரி வைக்கும். சற்று முன்பு பீமனுக்குக் குலவையிட்ட அதே பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். வெயில் ஏறும். போகிற போக்கில் அந்த மண்ணில் ஒரு பிடி அள்ளி வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்களும் உண்டு.